ஏழாம் தறியின் சத்தம்

எங்கள் ஸ்டூடியோவில் இருந்த இரண்டு டெக்குகளில் பெரியதன் முகப்பில், வலது ஓரமாக, ‘ஆடியோ டப்’ என்று ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. அதன்மேல் நான் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தேன். அதை அழுத்திக் கேசட்டை ஓடவிட்டால் படம் இருந்தபடியே இருக்கும்; அதில் பதிந்திருந்த சத்தம் மட்டும் அழிந்துகொண்டே வரும். அழிந்த இடத்தில் நாம் கொடுக்கிற சத்தம் ஏறும். ஒன்றும் கொடுக்காவிட்டால் மௌனம் ஏறும். பழையது எப்படியும் திரும்பாது. யாராவது தெரியாமல் தொட்டுவிட்டால் ஒரு வீட்டுக் கல்யாணத்தின் கெட்டிமேளம் போய்விடுமே என்ற பயத்தில்தான் பிளாஸ்திரி. வேலை இருக்கும்போது மட்டும் உரிப்பேன். முடிந்ததும் புதிதாக ஒட்டுவேன்.

நான் செய்த பெரிய தவறு கை தவறி நடந்ததல்ல. அன்று பிளாஸ்திரியைப் பொறுமையாக உரித்து, டெக்கில் ஓடும் எண்ணைப் பார்த்து, சரியான இடத்தில் அழுத்தினேன்.

ஸ்டூடியோ திருத்தணியில் மலைக்குப் போகும் தெருவில், ஒரு தேங்காய்க் கடையின் மாடியில் இருந்தது. நான் சென்னையில் மூன்று வருடம் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். ரேடியோ ரிப்பேர் கடைகளில், “பொம்பளப் புள்ளய எப்படிம்மா கடைல ஒக்கார வெக்கறது” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஸ்டூடியோக்காரர் அப்போதுதான் போட்டோவிலிருந்து வீடியோவுக்கு மாறியிருந்தார். டெக்கோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை என் முன்னால் வைத்து, “இதப் படிச்சி சொல்லும்மா, எந்தப் பட்டனத் தொடலாம், எதத் தொடக் கூடாது” என்றார். மறுநாளிலிருந்து எனக்கு வேலை.

படம் பிடிப்பது அவர். சத்தம் நான். கல்யாணக் கேசட் என்றால் முதலில் மலைக்கோயில் தெரிய வேண்டும், மயில் அகவ வேண்டும், மணி அடிக்க வேண்டும். காமிராவின் மைக்கில் ஏறுவதோ பந்தி இரைச்சலும் குழந்தைகளின் அழுகையும்தான். எனவே சத்தங்களைத் தனியாகச் சேர்க்கத் தொடங்கினேன். மணியையும் படிக்கட்டில் ஏறும் கூட்டத்தின் ‘அரோகரா’வையும் ஒரு சின்ன டேப் ரிக்கார்டரில் போய்ப் பிடித்தேன். பிடிக்க முடியாதவற்றைச் செய்தேன். எள்ளை முறத்தில் போட்டு மெல்லச் சாய்த்தால் மழை. பிஸ்கட் காகிதத்தை மைக்கின் அருகில் கசக்கினால் ஹோமத் தீ. கஞ்சி போட்ட துண்டை உதறினால் புறாக்கள். இடி மட்டும் கடைசிவரை எனக்குச் சரியாக வரவில்லை.

யாரும் சொல்லித் தரவில்லை. புத்தகத்தில் பொத்தான்களைப் பற்றித்தான் இருந்தது. மற்றதை நானே ஒரு நோட்டில் விதிகளாக எழுதிக்கொண்டேன். முதலில் சத்தமில்லாமல் படத்தைப் பார். பிறகு படமில்லாமல் சத்தத்தைக் கேள். கேட்ட ஒவ்வொன்றையும் டெக்கின் எண்ணோடு எழுது. எதையும் அழிக்கும் முன்னால் பழைய சத்தத்தை ஓர் ஆடியோ கேசட்டில் நகல் எடுத்து வை.

அந்தக் கடைசி விதியை ஒரே ஒரு முறைதான் மீறினேன்.

என் அக்காவைப் பள்ளிப்பட்டுப் பக்கத்தில் ஒரு நெசவுக் குடும்பத்தில் கொடுத்திருந்தது. பாவா, அதாவது அக்காவின் கணவர், வீட்டில் கைத்தறியை விட்டுவிட்டு, ஊர் எல்லையில் இருந்த விசைத்தறிக் கூடத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பன்னிரண்டு தறிகள். பாவா ஓட்டியது ஆறும் ஏழும். அக்காவும் அதே கூடத்தின் மூலையில் உட்கார்ந்து தார் சுற்றினாள், அதாவது ஊடைநூலைச் சின்னக் குழலில் சுற்றித் தருகிற வேலை. அந்தக் குழல் நாடாவுக்குள் போகும். நாடா என்பது இரண்டு முனையிலும் இரும்புக் கூர் வைத்த மரக்கட்டை. தறி ஓடும்போது அது பாவுநூலின் நடுவே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்ந்துகொண்டே இருக்கும், கண்ணால் பிடிக்க முடியாத வேகத்தில்.

“அது பாதை மாறிச்சினா மூஞ்சிக்குத்தான் வரும்” என்று அக்கா ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். அந்த ஊரில் முன்பல் இல்லாத ஓர் ஆளை எனக்குக் காட்டியும் இருக்கிறாள்.

அந்தக் கூடத்து முதலாளிக்குத் தன் தறிகளையும் துணியையும் வெளியூர் வியாபாரிகளுக்குப் போட்டுக் காட்ட இருபது நிமிடப் படம் ஒன்று வேண்டியிருந்தது. பாவா எங்கள் ஸ்டூடியோவைச் சொல்லியிருக்கிறார். ஸ்டூடியோக்காரர் ஒரு நாள் போய்ப் பிடித்துவந்தார். முதலாளி நேரில் வந்து என்னிடம் சொன்னது ஒன்றுதான்.

“எங்க கூடத்துல காது கிழியும்மா. அப்படியே போட்டா வர்றவன் ஓடிப் பூடுவான். சுத்தமா, கேக்கறதுக்கு நல்லா இருக்கணும்.”

“நல்லா செஞ்சிடலாங்க” என்றேன்.

விதிப்படி முதலில் சத்தமில்லாமல் படத்தைப் பார்த்தேன். வரிசையாகத் தறிகள். ஏழாவது அருகில் பாவா நின்றார். காமிரா அவரிடம் வந்ததும் அவரும் ஓரடி முன்னால் வந்து, லென்ஸைப் பார்த்து ஏதோ சொன்னார். கையை நீட்டித் தறியைக் காட்டினார். பாவா எப்போதும் கேலி பேசுகிறவர். ஸ்டூடியோக்காரரைச் சீண்டுகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

பிறகு படத்தை அணைத்துவிட்டு ஹெட்போனில் கேட்டேன். பன்னிரண்டு தறிகளின் இரைச்சலும் சேர்ந்து ஒரு சுவர் போல வந்தது. காமிரா எந்தத் தறிக்கு அருகில் போகிறதோ அதன் சத்தம் மட்டும் சுவரிலிருந்து கொஞ்சம் முன்னால் வந்தது. மூன்று முறை ஓட்டிக் கேட்டு எழுதினேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது.

1087. இரண்டாம் தறி. சுத்தம்.
1140. ஏழாம் தறி. ஒவ்வொரு அடிக்கும் பின்னால், சற்றுத் தாமதமாக, காய்ந்த ஒரு ‘டக்’. நீக்கவும்.
1152. ஆள் குரல், பாவா. இரைச்சலில் விளங்கவில்லை. நீக்கவும்.

எனக்குத் தறிகளைத் தெரியாது. சத்தத்தைத் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஒழுங்கான ஒரு தாளத்தில் ஒழுங்கில்லாமல் வருகிற ‘டக்’ எனக்கு ஒரு கறை மாதிரிதான் பட்டது. இரண்டாம் தறியிலிருந்து நல்லதாகப் பதினோரு நொடியை எடுத்தேன். அதைத் திரும்பத் திரும்ப நகல் செய்து, ஒட்டு தெரியாமல், ஒரு முழு ஆடியோ கேசட்டாக நீட்டினேன். ஒட்டு தெரியாமல் இருக்க, தாளத்தின் அடி விழுகிற கணத்தில் டேப்பை நிறுத்திப் பிடிக்கிற பாஸ் பொத்தானை விட வேண்டும். நாற்பது தடவைக்கு மேல் தவறிய பிறகுதான் விரல் பழகியது. அது பழகிய அன்று வீட்டில் சாப்பிடும்போதுகூட விரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

படத்தைப் புதுக் கேசட்டில் வரிசைப்படுத்தி முடித்தபோது வியாழக்கிழமை. முதலாளி வெள்ளிக்கிழமை காலை வருவதாகச் சொல்லியிருந்தார். கரண்ட் இரண்டு தடவை போய்வந்தது. பழைய சத்தத்தை நகல் எடுக்கலாம் என்றால் கடையில் இருந்த ஒரே காலி கேசட்டை இரண்டாம் தறிக்குத் தீர்த்திருந்தேன். காமிராக் கேசட்டில் எல்லாம் இருக்கிறதே, அது போதும் என்று விட்டேன். பிளாஸ்திரியை உரித்தேன். பன்னிரண்டு தறிகளுக்கும் இரண்டாம் தறியின் சத்தம் ஏறியது. அதன்மேல் ஸ்டூடியோக்காரர் தன் கட்டைக்குரலில் அறிவிப்பு வாசித்தார். ஏழாம் தறியில் பாவாவின் உதடுகள் அசைந்தன. கீழே தறி அழகாக ஓடியது.

சனிக்கிழமை ஒரு காதுகுத்து விழாவுக்கு அதே காமிராக் கேசட்டை எடுத்துக்கொண்டு போய் அதன்மேலேயே பிடித்துவிட்டார்கள். எங்கள் கடையில் வழக்கம் அதுதான்.

முதலாளி வெள்ளிக்கிழமை தன் காப்பியை வாங்க வந்தபோது படத்தைப் பார்த்துச் சொக்கிப்போனார். “எங்க கூடமா இது! சத்தத்த எப்படிம்மா கொறச்ச?”

குறைக்கவில்லை, மாற்றினேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. செய்த விதத்தைச் சொல்லிவிட்டால் வித்தையில் என்ன இருக்கிறது என்று அப்போது நினைத்தேன். “அதுக்கு ஒரு முறை இருக்குதுங்க” என்று சிரித்தேன்.

அடுத்த செவ்வாய் கிருத்திகை. மாடியிலிருந்து பார்த்தால் தெரு முழுக்க மொட்டைத் தலைகளும் காவடிகளும். ஸ்டூடியோக்காரர் திருப்பதிக் கல்யாணம் ஒன்றுக்குப் போயிருந்தார். வியாழன் இரவுதான் வருவார். கடையில் நான் மட்டும். பதினொரு மணிவாக்கில் அக்கா மலையிலிருந்து நேராக வந்தாள், நெற்றி நிறைய விபூதி, கையில் பாதித் தேங்காய்.

“அந்தப் படத்தப் போடுடி.”

“மொதல்ல ஒக்காரு. தண்ணி குடி.”

“தண்ணி இருக்கட்டும். படத்தப் போடு. உங்க பாவா மூணு நாளா சரியா சோறு துன்னல.”

போட்டேன். ஏழாம் தறி வந்தது. அக்கா திரைக்கு மிக அருகில் போய் நின்றாள். பாவாவின் உதடுகள் அசைந்து ஓய்ந்தன. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“எங்கடி அவரு பேசினது?”

“இரைச்சல்ல ஒண்ணும் வெளங்கலக்கா. அதான் எடுத்துட்டேன்.”

“சரி, தறி சத்தம்? இது எங்க தறி இல்லையே. இது அந்த வாசக்கால் ஓரம் இருக்கற ரெண்டாந்தறி.”

பதினோரு நொடியை நாற்பது தடவை கேட்டவள் நான். அவள் கேட்டது ஒரே தடவை.

அப்புறம் அக்கா உட்கார்ந்து சொன்னாள். தீபாவளியிலிருந்தே ஏழாம் தறியில் அந்த ‘டக்’ இருந்தது. பாவா எத்தனையோ தடவை சொல்லியும் முதலாளி, “எல்லாத் தறியும் அப்படித்தான்டா கத்தும்” என்றார். தறிகளைப் பழுது பார்க்கிற பிட்டர் அரக்கோணத்தில் இருக்கிறார். சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்கிறவர். ஆனால் அவர் கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டோடு படுத்திருந்தார். பள்ளிப்பட்டு வரை வர முடியாது. வீடியோக்காரர் வருகிறார் என்றதும் பாவாவுக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது.

“காமிரா கிட்டயே போயி சொன்னாராம். ஏழாந்தறி சத்தத்த நல்லா புடிச்சிக்கோங்க, பிட்டர் கேக்கணும்னு. மொதலாளி காலப் புடிக்காத கொறையா சொல்லி, படத்த பிட்டர் வூட்டுக்கு எடுத்துக்கினு போவ வெச்சாரு. சனிக்கெழம மொதலாளி வந்து, பிட்டர் பாத்துட்டாரு, ஏழாந்தறி பட்டாட்டம் ஓடுது, ஒனக்குத்தான் காதுல கோளாறுன்னு எல்லாரு எதுருலயும் சிரிச்சாரு. இவரு ஒண்ணும் பேசல. தறியப் போட்டு ஓட்டிக்கினு இருக்கறாரு. ஓட்டும்போது மூஞ்ச மட்டும் இப்படித் திருப்பி வெச்சிக்கறாரு.”

அவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காட்டினாள். அந்தச் சாய்வை நான் இன்னும் மறக்கவில்லை.

“காமிராக் கேசட்டு?” என்றாள்.

“அதுல காதுகுத்து இருக்குது.”

தெருவில் பம்பை அடித்துக்கொண்டு போனார்கள்.

“நீ அரக்கோணம் போயி பிட்டர்கிட்ட நேரா சொல்லிடேன்டி. நான்தான் அழிச்சிட்டேன், வேற சத்தத்தப் போட்டுட்டேன்னு.”

“சும்மா போயி வாயால சொன்னா நம்புவாரா? அவரு காதால கேட்டு நல்லா இருக்குதுன்னு சொன்னவரு.”

“பின்ன இன்னா பண்ணுவ?”

“அந்தச் சத்தத்தச் செய்யறேன்.”

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இருந்ததா, அலுப்பா, என்று எனக்குத் தெரியவில்லை. நான் அதற்குள் நோட்டைப் பிரித்து எழுதத் தொடங்கிவிட்டேன். காய்ந்த சத்தம். மரம். கனமில்லை. அடிக்குப் பின் அரைக்கால் நொடி.

இரண்டாம் தறியின் தாளம் என்னிடம் இருந்தது. அதில் அந்த ‘டக்’கை ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். தீப்பெட்டிக்குள் புளியங்கொட்டை. துணி மாட்டும் மரக் கிளிப். தேங்காய் ஓடு. அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“இது ஈரமா இருக்குது.”

“இது?”

“ஐய, இது எலி பொறி.”

“இது?”

“கிட்ட வந்துச்சி. ஆனா இதுல தைரியம் இருக்குதுடி. அதுல பயம் இருக்கும்.”

நாலு மணி பஸ்ஸுக்கு அவள் போக வேண்டியிருந்தது. படியில் இறங்கும்போது, “இன்னாவோ பண்ணு, சீக்கிரம் பண்ணு” என்றாள்.

திருத்தணியிலிருந்து அரக்கோணம் ரயிலில் இருபது நிமிடம். கடையைப் பூட்டிவிட்டு அன்று மாலையே போயிருக்கலாம். புதன்கிழமை போயிருக்கலாம். வியாழக்கிழமையும். கடையில் ஆள் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் போய் நிற்கும்போது என் கையில் குறையில்லாத ஒன்று இருக்க வேண்டும் என்று விரும்பினேன். தவறு செய்தவளாக மட்டும் போய் நிற்க எனக்குக் கூச்சம்.

புதன் முழுவதும் செய்தேன். பதினேழு விதம். வியாழன் மதியம், மேஜையில் கிடந்த மரத்தாலான அடிஸ்கேல் கண்ணில் பட்டது. எப்போதோ கீழே விழுந்து நீளவாக்கில் விரிசல் விட்டிருந்தது. கோடு போட மட்டும் வைத்திருந்தேன். அதை மேஜை விளிம்பில் வைத்து, அடியில் மடித்த துணி கொடுத்து, நுனியை அழுத்தி விட்டேன். விரிசலின் இரண்டு உதடுகளும் பிரிந்து சேர்ந்தன. ஹெட்போனில் அந்தச் சத்தம் வந்துவிட்டது. ஏழாம் தறி கடைக்குள் வந்து நின்றது போல இருந்தது.

மகிழ்ச்சியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்டூடியோக்காரர் கடைக்கு வந்ததும் ரயிலேறினேன். பிட்டர் வீடு அரக்கோணம் ஸ்டேஷனுக்குப் பின்னால். கட்டிலில் மாவுக்கட்டுக் காலைத் தலையணைமேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். டேப் ரிக்கார்டரை ஸ்டூலில் வைத்து, ஒன்றும் சொல்லாமல் ஓடவிட்டேன். நாலாவது அடியில் கையைத் தூக்கினார்.

“நிறுத்து. எந்தத் தறி?”

“ஏழுங்க. பள்ளிப்பட்டு.”

“அதத்தான் போன வாரம் வீடியோல கேட்டனே. நல்லா இருந்துதே.”

சொன்னேன். ஒழுங்காக, வரிசையாக, எதையும் விடாமல். இரண்டாம் தறி, பதினோரு நொடி, பாவாவின் குரல், காதுகுத்து. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அப்ப இந்தச் சத்தம்?”

“நான் செஞ்சதுங்க.”

“எத வெச்சி?”

“விரிசல் உட்ட அடிஸ்கேல்.”

அவர் சிரித்துவிட்டார். “பின்ன இன்னாம்மா. வெரிசல் வெரிசலாட்டம்தான் கத்தும். நாடாவ அடிச்சித் தள்ற குச்சில வெரிசல் இருக்குது. நாடா நேரா கெளம்பாது. இன்னிக்கி இல்லன்னா நாளைக்கி வெளிய பாயும்.” சிரிப்பு நின்றது. “ஏம்மா, இத செய்யறதுக்கா மூணு நாளு? அடிக்கி அப்புறமா ஒரு காஞ்ச டக்குன்னு வந்து வாயால சொல்லியிருந்தா நான் சொல்லியிருப்பேனே.”

அந்த வார்த்தைகள் என் நோட்டில் இருந்தன. முதல் நாளிலிருந்தே இருந்தன. 1140 என்ற எண்ணோடு.

“எதுர் வூட்ல போனு இருக்குது. ட்ரங்கால் போடு. தறிய நிறுத்தச் சொல்லு, மொதல்ல.”

அவர் ஊன்றுகோலோடு என் பின்னாலேயே வந்தார். முதலாளி வீட்டு எண்ணை எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்துவிட்டு இணைப்புக்காகக் காத்திருந்தோம். அந்த வீட்டு அம்மாள் மோர் கொண்டுவந்து வைத்தாள். சுவர்க்கடிகாரத்தின் ஊசல் ஒரு பக்கம் போய்வரும்போது மட்டும் சின்னதாக இடறியது. அதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து மணி அடித்தது. பிட்டர்தான் எடுத்தார்.

“ஹலோ, நான் பிட்டர் பேசறேன். ஏழாந்தறிய… ஆங். ஆங். எப்ப?”

கேட்டுக்கொண்டே இருந்தார். என் பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

காலை எட்டு மணிக்குத் தறியைப் போட்ட கொஞ்ச நேரத்தில் நாடா வெளியே பாய்ந்திருக்கிறது. பாவா முகத்தைத் திருப்பித்தான் வைத்திருந்தார். அறுந்த இழையை முடியக் குனிந்தபோது ஒரு நொடி நேராகப் பார்க்க வேண்டியிருந்தது. இடது கண்.

சென்னைக்குக் கொண்டுபோனார்கள். கண் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் அக்கா என்னை ஒன்றும் கேட்கவில்லை. பாவாவிடம் எல்லாவற்றையும் அவளே சொல்லியிருந்தாள். நான் கொண்டுபோன ஆரஞ்சை உரித்து எனக்கும் ஒரு சுளை தந்தாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

முதலாளியிடமும் போய்ச் சொன்னேன். தறிக்கூடம் அன்று ஓய்ந்திருந்தது. ஏழாம் தறியைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். “நீ இன்னாம்மா பண்ணுவ. சுத்தமா வேணும்னு கேட்டவன் நான்தானே” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, தணிந்த குரலில், “அந்தப் படம் இன்னும் ரெண்டு காப்பி வேணும். ஒண்ணும் அவசரமில்ல” என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். காப்பி எடுக்கவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம் பாவா கடைக்கு வந்தார். இடது கண்ணில் கருப்புக் கண்ணாடி மறைப்பு. அக்கா பின்னால் வந்தாள். படியேறி வந்த மூச்சோடு, “இன்னா டிப்ளமோ, எப்படிக் கீற?” என்றார். அவர் எப்போதும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“பவர்லூமுக்கே டப்பிங் குடுத்தியாமே. போடு, கேப்போம்.”

அடிஸ்கேல் சத்தத்தைப் போட்டேன். நல்ல கண்ணையும் மூடிக்கொண்டு கேட்டார். விரல் தொடையில் தாளம் போட்டது. ‘டக்’ வருகிற ஒவ்வொரு இடத்திலும் விரல் லேசாகத் தயங்கியது.

“ஆங். இதான்” என்றார். பிறகு, “படத்தயும் போடு” என்றார்.

ஏழாம் தறி வந்தது. இரண்டு கண்ணோடு பாவா ஓரடி முன்னால் வந்து பேசினார். அவர் குரல் மட்டும் இல்லை.

“நான் பேசினது?”

“அழிச்சிட்டேன் பாவா.”

“தெரியும். இப்ப பேசினா ஏறுமா?”

அக்கா, “எதுக்குங்க இப்ப அதெல்லாம்” என்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிளாஸ்திரியை உரித்தேன். மைக்கை அவர் முன் வைத்தேன். முதலில் பொத்தானைத் தொடாமல் வெறுமனே ஓட்டிப் பழக்கினேன். முதல் தடவை அவர் முந்திவிட்டார். இரண்டாம் தடவை, திரையில் உதடு மூடிய பிறகும் இவர் பேசிக்கொண்டிருந்தார். “பாவா, உதட்டப் பாக்காதீங்க, கையப் பாருங்க. கை நீட்டும்போது ஆரம்பிங்க” என்றேன். மூன்றாம் தடவை, திரையில் அவர் கை நீண்டதும், அழுத்தினேன்.

“அண்ணா, ஏழாந்தறி சத்தத்த நல்லா புடிச்சிக்கோங்க. பிட்டர் கேக்கணும். இது என்னிக்காவது ஒரு நாளு யாரையாவது அடிச்சிடும்.”

உதடு பொருந்தியது. கடைசி வார்த்தை வரை பொருந்தியது.

நான் விரலை எடுக்க ஒரு நொடி தாமதமாகிவிட்டது. அடுத்து வர வேண்டிய அறிவிப்பின் முதல் வார்த்தைகள் போய்விட்டன. அவற்றைத் திரும்பச் சேர்க்கவில்லை. மூன்று வருடமாக அந்தக் கேசட் அப்படியேதான் இருக்கிறது. பாவா பேசி முடிக்கிறார், ஒரு நொடி ஒன்றும் கேட்பதில்லை, பிறகு எட்டாம் தறி.